தானமா, கடனா?

கற்றவர் ஒருவர் தம் கல்வியைப் பிறர்க்குப் பயன்படுமாறு செய்யும்போது அவர் செய்வது தானமா, கடன் தீர்ப்பதா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா சொல் விளையாட்டாகத் தோன்றலாம். இரண்டிலும் கொடுக்கப்படும் பொருள் ஒன்றே. பெறுபவர் அடையும் பயனும் ஒன்றே. எனினும் இரண்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. தானத்தில் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பன யாவும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தவை. கடனில் அவ்வாறன்று. கடன் கொடுத்தவர் வாயில் தேடி வந்து கேட்கலாம். நெல்லாகத் தரவேண்டியதைத் தவிடாகத் தந்தால் மறுக்கலாம். இன்னும் பாக்கி உண்டு என்று கணக்கைக் காட்டலாம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் வைத்துப் போற்றும் மரபில் வந்த நமக்குக் கல்வியைத் தானமாகக் காண்பது இயல்பே. ஆயின் அப்பார்வை போதாமற் போகும் இடம் ஒன்று உண்டு. அவ்விடம் இக்காலப் பல்கலைக் கழகம்.

‘பொதுநல வழக்கு’ என்னும் சொல்லை நாளிதழ் படிக்கும் அனைவரும் அறிவர். அமெரிக்க நாட்டில் 1960களின் இறுதியிலும் 70களிலும், சட்டக் கல்லூரி மாணவர்கள் தம் ஆசிரியர் மேற்பார்வையில் ஏழையரின் வழக்குகளை எடுத்து நடத்தும் பயிற்சிமுறை பரவிற்று. அதற்குப் பெரும்பொருள் உதவியது ஃபோர்டு அறக்கட்டளை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே அறக்கட்டளையும் ஹியூலெட் அறக்கட்டளையும் நியூ அமெரிக்கா என்னும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, சட்டத்துக்குச் செய்ததைத் தொழில்நுட்பத்துக்கும் செய்ய முற்பட்டன. 2019 மார்ச்சில் 21 கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் இணைந்து ‘பொதுநலத் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அத்தொகை 60ஐக் கடந்தது. கணிப்பொறியும் பொறியியலும் பயில்வோர் அவற்றோடு சட்டமும் சமுதாய இயலும் அறநெறியும் பயில வேண்டும். பயின்ற திறனை அரசு அலுவலகம், மருத்துவமனை, எளியோர் வாழும் தெரு ஆகியவற்றின் பொருட்டுச் செலவிட வேண்டும். இதற்கெனப் பல்கலைக் கழகத்துக்குள்ளேயே ஒரு குழாம் உருவாக வேண்டும் என்பது அவர்தம் நோக்கம்.

இதன் தேவையை ஒரு நிகழ்ச்சியால் உணரலாம். 1990களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆராய்ச்சியாளர்க்கு வழங்கியது. பெயர் இல்லையாதலின் அந்தரங்கம் காக்கப்பட்டது என எல்லாரும் நம்பினர். எம்.ஐ.டி. என வழங்கும் தொழில்நுட்ப நிறுவனத்தில் அப்போது ஆய்வு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீடு என்னும் மூன்றையும் இரு பட்டியல்களிலும் ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டெடுத்துவிட்டார். அவர் பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகப் பேராசிரியராகிப் பொதுநலத் தொழில்நுட்பத்துக்கென ஓர் ஆய்வுக்கூடம் நடத்தலானார். அரசும் அறியாத ஆபத்தை ஒரு மாணவி கண்டார் என்பது மகிழ்ச்சிக்குரியது. கேட்பாரின்றி, கூலியின்றி, தாமாக முன்வந்து அவர் செய்யாதிருந்தால்? ஒருவரின் நற்குணத்தை நம்பி ஊரார் அந்தரங்கம் இருக்கலாமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974ஆம் ஆண்டிலேயே, ‘பொதுநலத் தொழில்நுட்பம்’ என்ற பெயர் பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு மேலாகவே, இத்தகைய குழாம் ஒன்று தோன்றியது. மின்வேதியியலில் உலகப் பெயர் பெற்ற அமுல்ய ரெட்டி என்னும் பேராசிரியர், சிற்றூர்களுக்கு அறிவியலைப் பயன்படுத்தும் பொருட்டு ‘அஸ்திரா’ என்னும் அமைப்பை நிறுவினார். கழகத்தின் இயக்குநராயிருந்த சதீஷ் தவன் அதற்கு ஆதரவு தந்தார். பேராசிரியர் ரெட்டியோடு பொறியியல் துறைகளைச் சேர்ந்தோரும் சேர்ந்தனர். தும்கூர் மாவட்டத்து உங்கரா என்னும் ஊரில் ஒரு கிளை நிலையம் அமைத்து, அங்கிருந்து சுற்றுப்புற ஊர்களை ஆராய்ந்தனர். குறைந்த விறகில் எரியும் அடுப்பு, சுடாத மண்ணை அழுத்திச் செய்யும் கட்டுமானக் கல், சாண எரிவாயுக் கலன் ஆகியன அவ்வுழைப்பின் பயன்கள். அஸ்திரா அடுப்பு கருநாடகத்தில் பல இல்லங்களுக்குச் சென்றது.

அக்கழகத்தின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அது ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையால் 1909இல் தோன்றியது. அது நிற்கும் 371 ஏக்கர் நிலம் மைசூர் அரசு அளித்தது. அரசு அளித்தது எனின், உழுது வரி கட்டிய குடிகள் அளித்தனர் என்பதே பொருள். தும்கூர் அன்று மைசூர்ச் சீமையின் ஒரு பகுதி. ஆகவே அறிவியலார் உங்கராவுக்குச் சென்றபோது, புதியதோர் அருளைச் சொரியச் சென்றார் அல்லர். பல்லாண்டுகள் நிலுவையில் இருந்த கணக்கைத் தொடங்கச் சென்றனர். இவ்வாறு காண்பது மிகையென்று சிலர் கூறக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

குனிகல் வட்டத்துப் பூரா என்னும் சிற்றூரில் நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். விறகு பொறுக்குவதில் பெண்டிரும் சிறாரும் எவ்வளவு நேரம் செலவிடுகின்றனர் என்பதை அஸ்திரா குழுவினர் அளந்து அறிந்திருந்தனர். எனவே ஊரார் அனைவர்க்கும் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலன் அமைத்து, வீடுதோறும் சமையலுக்கு வாயு தருவது என்று திட்டமிட்டனர். நோக்கம் உயர்ந்தது, கணக்கும் அறிவுடையோர் போட்ட கணக்கு. எனினும் அது நடைபெறவில்லை. எல்லா அடுப்புகளும் எரிவதற்குப் போதிய வாயு கிட்டவில்லை. ஊரில் விறகோ காசு கொடுக்காமல் கிடைப்பது. அதை விடுத்து வேறொன்றை நாட ஊரார்க்கு அத்துணை ஆர்வமும் இல்லை. அவர்கள் முதலாவதாக வேண்டியது நல்ல குடிநீர்.

இவ்விடத்தில் இருவகை மாந்தரை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். தானம் செய்ய வந்தவர், “கொடுத்ததை ஏற்கத் தெரியாத மக்கள்” என மனம் வருந்தித் திரும்பியிருப்பார். அவரைக் குறைகூற இயலாது. தானத்தின் இலக்கணம் அவ்வளவே. கடன் தீர்க்க வந்தவருக்குத் திரும்பிச் செல்ல உரிமையில்லை. பூராவில் அறிவியலார் ஊராரோடு மீண்டும் அமர்ந்து பேசினர். 1987 செப்டம்பர் முதல் அதே வாயு அடுப்புக்குச் செல்லாமல் ஓர் இயந்திரத்துக்குச் சென்றது. இயந்திரம் மின்சாரம் தந்தது. மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை இறைத்தது. இரவில் வீடுகளுக்கு விளக்கேற்றியது. வீட்டார் கொணரும் சாணம் எடை போட்டுக் குறிக்கப்பட்டது. சுமந்து வந்ததற்குச் சிறு கூலி தரப்பட்டது. வாயு எடுத்தபின் எஞ்சிய சாணக் கழிவு எருவாக அவரவர்க்கே திருப்பி அளிக்கப்பட்டது. கலனை இயக்கியவர் அவ்வூர் இளைஞரே. எவ்வளவு சாணம் வந்தது, எவ்வளவு எரு சென்றது என்ற கணக்கு ஊராருக்குத் தெரிந்த கணக்கு. குழாயில் நீர் வரவேண்டுமாயின் காலையில் சாணம் வந்தாக வேண்டும் என்பதைக் குழந்தையும் அறியும்.

மின்வேதியியல் பேராசிரியர் ஒருவருக்கு இதில் கற்க வேண்டியது யாது இருந்தது? விடை எளிது: நீரா நெருப்பா என்பதை அவரது ஆய்வுக்கூடம் சொல்லாது; ஊர்தான் சொல்ல வேண்டும். சொல்லியபின் வாயுவை மின்சாரமாக்குவது எவ்வாறு என்பதை ஊர் சொல்லாது. ஆய்வுக்கூடந்தான் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்திப்பதையே நாம் ‘குழாம்’ என்கிறோம். பேராசிரியர் பத்துப்பேர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து பொதுநலம் பேசுவது குழாம் ஆகாது, அது கருத்தரங்கு. (நம் காலத்தில் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை.)

இதற்கு மறுதலையாக, வெற்றியும் கசப்பும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் நேர்ந்தது. அப்போது சுமார் 1 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் வறியவர் மிகுதி. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கும் பொருட்டு, டெட்ராய்ட் நகரிலிருந்து பெற்றுவந்த ஏரி நீரை நிறுத்தி, ஃபிளின்ட் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டனர். குழாய் அரிக்காதபடி நீரில் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களை நீர் அரித்தது. ஈயம் குழந்தைகளின் குருதியில் கலந்தது. நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் காட்டி மக்கள் முறையிட்டனர். நீரில் குறையில்லை என்றே அதிகாரிகள் கூறி வந்தனர். அதே ஆண்டு அக்டோபரில், அந்நீர் தன் இயந்திர உறுப்புகளை அரிக்கிறது என்று கண்ட மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரை மதலைகள் மேலும் ஓராண்டு பருகினர்.

பல நூறு மைல் தொலைவில் இருந்த வர்ஜீனியா டெக் பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ், குழாய் அரிப்பை ஆராய்வதில் வல்லவர். ஃபிளின்ட் நகரத்துத் தாய் ஒருவர் அவரை அணுகினார். இந்தியாவிலிருந்து சென்று அங்கே பயின்ற சித்தார்த்த ராய் உள்ளிட்ட மாணவர் குழு 2015இல் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. குழாயை எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டும், எந்தப் புட்டியில் எப்போது நீர் பிடிக்க வேண்டும் என்பதை ஊர்மக்களே கற்று, வீடு வீடாகச் சென்று, 250க்கும் மேற்பட்ட பெட்டிகளை நிரப்பித் திருப்பி அனுப்பினர். ஈயம் வெளிப்பட்டது. செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா குருதிச் சோதனைகளைக் கொண்டு அதனை உறுதி செய்தார். அக்டோபரில் நகரம் பழைய நீருக்குத் திரும்பியது.

ஆசிரியர், மாணவர், மக்கள் மூவரும் கூடிய அந்தச் சில மாதங்கள் போற்றத்தக்கவை. வர்ஜீனியா டெக், அரசு நிலத்தை விற்றுக் கல்லூரிகள் நிறுவ 1862இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகத் தோன்றியது. அந்நிலங்களோ அந்நாட்டுப் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டவை. அதன் குறிக்கோள் மொழி ‘பணி செய்யும் பொருட்டு’ என்னும் பொருளுடையது. கடன் என்று நாம் கூறுவது அங்கே கட்டடத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நீர் மேம்பட்டு வருகிறது என்று பேராசிரியர் பின்னர்க் கூறியதை ஊராரில் ஒரு பகுதியினர் நம்ப மறுத்தனர். தம் சார்பாக அவர் மட்டுமே பேசுவதையும் ஏற்கவில்லை. 2018இல் செயற்பாட்டாளரும் ஊர்வாசிகளும் பலர் கையெழுத்திட்டு அவர்மேல் குறை கூறினர். அவர் மூவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். 2019இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அறிவியல் அளவில் யார் கூறியது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. நாம் காண்பது வேறொன்று. ஆபத்து நாளில் கைகோத்தவர், ஆபத்து நீங்கியபின் கருத்து மாறுபட்டால் எங்கே அமர்ந்து பேசுவது என்பதற்கு அங்கே ஓர் இடம் இல்லை. பூராவில் ஊர்க்கூட்டம் இருந்தது, கணக்கேடு இருந்தது. ஃபிளின்டில் நல்லார் ஒருவர் இருந்தார். நல்லார்மேல் வைத்த நம்பிக்கை உடைந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கப் பின்னே ஒன்றும் இல்லை.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், பயிற்சிப் பள்ளியோடு இணைந்த மாதிரிப் பள்ளி ஒன்று இருந்தது. பயிற்சி மாணவியர் மூன்று வாரம் வகுப்பெடுப்போம். பாடக்குறிப்பு, வரைபடம், கரும்பலகை எழுத்து எல்லாம் மேற்பார்வையாளர் பார்த்து மதிப்பெண் இடுவார். நான்காம் வாரம் நாம் அகல்வோம். வேறொரு குழு வரும். அக்குழந்தைகளுக்கு ஒரே பாடம் இருமுறை, மும்முறையும் நடந்ததுண்டு. கேள்வி கேட்டு முடிக்குமுன் விடை வரும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் நாளே, “நீங்க எத்தனை நாள் டீச்சர்?” என வினவினாள். அவள் துடுக்குக்காரி அல்லள். தன் அன்பை எவ்வளவு செலவிடலாம் என்று அறிய விரும்பினாள், அவ்வளவே. அப்பள்ளியில் ஆசிரியர் ஆனவர் பலர். அக்குழந்தைகள் கற்றது எவ்வளவு என்று எந்த மதிப்பெண் பட்டியலும் குறித்ததாக நினைவில்லை.

பல்கலைக் கழகங்களில் இன்று அமையும் பொதுநலத் திட்டங்கள் பல அரையாண்டுக் கணக்கில் நடப்பவை. மாணவர் வருவர், சேரியிலோ சிற்றூரிலோ ஒரு கருவியை நிறுவுவர், புகைப்படம் எடுப்பர், அறிக்கை எழுதுவர், பட்டம் பெறுவர். ஐந்தாம் மாதம் கருவி பழுதானால் யாரை அழைப்பது? பயிற்சிக்குப் பொருளாகும் மக்களை நாம் எண்ணாதவரை, அது பொதுநலம் என்ற பெயரில் மாணவர் நலமே. பயிற்சி வேண்டா என்று நாம் கூறவில்லை. பயிற்சியின்றி ஆசிரியரோ மருத்துவரோ உருவாதல் இயலாது. ஆனால் வருவோர் போவோர் மாறினும் மாறாதிருக்கும் ஒருவரேனும், ஓர் அலுவலகமேனும், ஒரு கணக்கேடேனும் அங்கே வேண்டும். ரெட்டி 2006இல் மறைந்தார். அஸ்திரா வேறு பெயரோடு, நிலைத்த தொழில்நுட்பங்களுக்கான மையமாக, அதே கழகத்தில் தொடர்ந்தது. இதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கற்றோர் அனைவரும் ஊர்ப்பணிக்கு வந்துவிட்டால், உடனடிப் பயன் கருதாத ஆராய்ச்சி என்னாவது? பகா எண்களை ஆராய்ந்த கணித அறிஞர்கள் யாருக்கும் பயன்படவேண்டும் என்று எண்ணவில்லை. ஆயினும் 1977இல் வகுக்கப்பட்ட மறைகுறியீட்டு முறை அவ்வெண்களைக் கொண்டே இயங்குகிறது. வங்கிச் செய்திகளும் அதனால் காக்கப்பட்டன. இவ்வாதம் முற்றிலும் சரியானது. எல்லாரும் ஒரே வழியில் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. நிறுவனம் கடன்பட்டிருக்கிறது, அதில் சிலரேனும் தீர்க்கும் பணியில் இருக்கவேண்டும், அவ்வாறு இருப்போர் அதனால் தாழ்வுறக் கூடாது. சிக்கல் இக்கடைசிப் பகுதியில்தான். பதவி உயர்வு வரும்போது வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகின்றனர். பெற்ற நிதியை எண்ணுகின்றனர். அடுப்பு எத்தனை வீட்டில் எரிகிறது என்று எண்ணுவதில்லை. ‘இதுவும் அறிவியலா?’ என்ற முணுமுணுப்பு சிற்றூருக்குச் சென்ற அறிவியலாரைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. எட்வர்ட்ஸும் ராயும் 2017இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இத்தகைய எண்ணிக்கைப் போட்டி ஆராய்ச்சியாளரின் நேர்மையையே அரிக்க வல்லது என எச்சரித்தனர். குழாய் அரிப்பை அறிந்தவர் கூற்று அது.

புகழ் வேண்டாது செய்வதன்றோ அறம், அதற்கு ஏன் பதவி உயர்வு என்று பெரியோர் கேட்கக்கூடும். தனி மனிதர் தம்மைத் தாம் கேட்டுக்கொள்ள அது நல்ல வினா. நிறுவனம் தன் இளம் ஆசிரியரைப் பார்த்துக் கேட்க அது தகாத வினா. தன் கடனை மற்றொருவர் தியாகத்தால் தீர்த்துக்கொள்வதை எந்த நீதி நூலும் ஒப்பாது.

நம் குடும்பங்களில் உழவை நம்பி வாழ்ந்தோரின் பேரப் பிள்ளைகள் இன்று பொறியியற் கல்லூரிகளை நாடிச் செல்கின்றனர். சேர்க்கை நாளில் விடுதி, கட்டணம், வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கேட்கிறோம், கேட்கவேண்டியவையே. அவற்றோடு, “இத்துறைக்கு எந்த ஊரோடு தொடர்பு உண்டு? ஆண்டு முடிந்தபின் அவ்வூரார் யாரிடம் பேசுவர்?” என்றும் கேட்கலாமென நம் உறவினர் ஒருவரிடம் ஒருமுறை கூறியிருந்தோம். அவர் சென்ற ஆண்டு பேரனை அழைத்துச் சென்றபோது மறவாமல் அவ்வாறே கேட்டிருக்கிறார். அலுவலர் சற்றே விழித்து, வேலைவாய்ப்புப் பிரிவின் வண்ணக் கையேட்டை எடுத்து நீட்டினாராம். அருகில் நின்ற இளம் விரிவுரையாளர் ஒருவர் பின்னால் வெளியே வந்து, பக்கத்துக் கிராமம் ஒன்றின் கிணற்று நீரை மாணவர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகளாகச் சோதித்து வருவதாகவும், கால அட்டவணையில் அதற்கு இடமில்லாமையால் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வதாகவும், பேருந்துக் கட்டணம் தம் கைப்பொருள் என்றும் கூறினாராம். பேரன் அவர் துறையில்தான் சேர்ந்திருக்கிறான்.